நீரடிப் படங்களும் அவற்றின் தரமும்

கடல் தன் உட்புறத்தை மனிதனுக்கு எளிதில் காட்டுவதில்லை. கரையில் நின்று அலையைக் காண்கிறோம். மீனை வலையில் காண்கிறோம். சங்கையும் சிப்பியையும் அங்காடியில் காண்கிறோம். அந்த மீன் எவ்வாறு இரை தேடிற்று, அந்தச் சிப்பி எந்தப் பாறையில் ஒட்டி வாழ்ந்தது என்பவற்றைக் காண வேண்டுமானால் நீருக்குள் இறங்கியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த நம் நாட்டவர், மூச்சை அடக்கிக்கொண்டு, கயிற்றில் கட்டிய கல்லின் பளுவால் கீழே இறங்கிப் பல தலைமுறைகளாக அவ்வுலகைக் கண்டவர்களே. எனினும் அவர்கள் கண்ட காட்சி அவர்களுடைய நினைவிலும் பேச்சிலும் தங்கியதே அன்றிப் பிறர் கண்ணுக்கு எட்டவில்லை. நீரடியில் கண்டதைக் கரைக்குக் கொண்டுவந்து பிறருக்குக் காட்டும் வித்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தோன்றியது.

இன்று அவ்வித்தை எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அந்தமானுக்கும், இலட்சத்தீவுக்கும், கர்நாடகக் கரைக்கு அப்பாலுள்ள நேத்ராணித் தீவுக்கும் விடுமுறைக்குச் செல்லும் இளைஞர்கள், உள்ளங்கையில் அடங்கும் காமிராவுடன் நீரில் மூழ்கி, மீன்களையும் பவளப்பாறைகளையும் வீடியோப் படமாக எடுத்து வருகிறார்கள். மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், விருந்துக்கு வந்த உறவினரைக் கூடத்தில் அமர்த்தி அப்படங்களைக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பார்த்தவர்கள் "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து விடுகிறார்கள். எது நன்றாயிருந்தது, ஏன் நன்றாயிருந்தது, எவ்வாறு செய்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்ற கேள்விகள் எழுவதில்லை. இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் புதிதாக ஒரு சாத்திரம் வகுக்க வேண்டியதில்லை. நீரடிப் படக் கலையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு காலத்தவரும் இப்படங்களை நோக்கி ஒவ்வொரு வினாவை எழுப்பியிருக்கிறார்கள். அவ்வினாக்களே இன்று நமக்கு அளவுகோல்கள்.

முதல் வினா மிக எளியது: படம் விழுந்ததா, இல்லையா? 1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில், வெமத் குடாவில், வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு மரப்பெட்டிக்குள் காமிராவை அடைத்துக் கழியின் உதவியால் சுமார் 18 அடி ஆழத்திற்கு இறக்கினார். அவர் தொழிலால் வழக்கறிஞர். இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு உடையவர். நமது இன்றைய சொல்லில் கூறினால் அவர் ஓர் ஆர்வலர். படகில் இருந்தபடியே கயிற்றை இழுத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஏறத்தாழப் பத்து நிமிஷம் ஒளி படும்படி விட்டார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. எனினும் கண்ணாடித் தகட்டில் பாறைகளும் கடற்பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. மீன் ஒன்றும் இல்லை. ஆயினும் பாலங்களின் நீரடித் தூண்கள் பழுதுபட்டால் இம்முறையால் கரையில் இருந்தே அறியலாம் என்று அவர் எழுதி வைத்தார். நீரடிப் படம் அழகுக்காக மட்டும் அன்று, சான்றுக்காகவும் பயன்படும் என்ற எண்ணம் இக்கலையின் பிறப்பிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது வினா: படம் தெளிவாக உள்ளதா? இவ்வினாவை விஞ்ஞான முறையில் எழுப்பியவர் பிரெஞ்சு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான். மத்தியதரைக் கடலோரம் பான்யூல்ஸ் என்ற ஊரில் உள்ள அராகோ ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அவர், 1893-இல் தாமே முக்காடுக் கவசம் அணிந்து நீரில் இறங்கிப் படம் எடுத்தார். நீர் புகாத பெட்டியை அமைப்பதில் அவருடைய சகோதரர் ஓகுஸ்த் துணை செய்தார். கீழே ஒளி குறைவாதலால் ஒரே படத்திற்கு அரை மணி நேரம் வரையில் அசையாமல் காத்திருக்க நேர்ந்தது. மீன் அரை மணி நேரம் நிற்குமா? ஆதலால் அவர் நீரடிக்கு விளக்கைக் கொண்டு செல்ல முனைந்தார். பிராணவாயு நிரம்பிய பீப்பாயின் மேல் விளக்கை அமைத்து, அதன் சுடரில் மக்னீசியப் பொடியை ஊதி எரியச் செய்யும் பருத்த சாதனம் ஒன்றைப் பயன்படுத்தினார். பின்னர் மின்விளக்குகளையும் கையாண்டார். தம் அனுபவங்களைத் தொகுத்து 1900-இல் நூலாகவும் வெளியிட்டார். ஒளியை எங்கே வைப்பது என்ற சிக்கல் அன்று பூத்தானை வருத்தியது. இன்றும் ஒவ்வோர் ஆர்வலரையும் வருத்துகிறது.

மூன்றாவது வினா சலனப்படத்தோடு வந்தது: படம் பரபரப்பாக உள்ளதா? 1914-இல் அமெரிக்கரான ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன், மடக்கும் தன்மையுள்ள நீண்ட உலோகக் குழாயின் அடியில் கண்ணாடிச் சாளரம் பொருந்திய ஓர் அறையை அமைத்து, அதில் காமிராவுடன் அமர்ந்து பகாமாத் தீவுகளின் கடலைப் படமாக்கினார். குழாய் அவருடைய தந்தையின் கண்டுபிடிப்பு. கடலின் அடித்தளம் திரையில் அசைவதை மக்கள் அன்றுதான் கண்டார்கள். ஆனால் பவளத்தையும் மீனையும் காட்டினால் மட்டும் கொட்டகை நிரம்பாது என்று கருதிய வில்லியம்சன், தாமே கத்தியுடன் நீரில் பாய்ந்து ஒரு சுறாவைக் கொல்லும் காட்சியையும் சேர்த்தார். 1916-இல் ஜூல் வெர்னின் கடலடிக் கதை அவருடைய சாதனத்தின் உதவியால் படமாக்கப்பட்டபோது அதில் தோன்றிய பிரமாண்டமான கணவாய் பொம்மைதான். இவ்வாறு கடல் உயிர் என்பது ஒன்று பகைவன், அல்லது பூதம் என்னும் மரபு தொடக்கத்திலேயே திரையில் வேரூன்றிவிட்டது. சுறாவைக் கண்டவுடன் அச்சமூட்டும் வாத்தியத்தைச் சேர்க்கும் இன்றைய இளைஞர் அம்மரபின் வாரிசே ஆவார்.

இதற்கு நேர் மாறான வழியில் சென்றவர் பிரான்சு நாட்டின் ஜான் பன்லெவே. கடற்குதிரையைப் பற்றி 1930-களின் நடுவில் அவர் எடுத்த குறும்படத்தில் சண்டையும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒரு பகுதியைக் கடலிலும் மற்றொரு பகுதியைத் தொட்டியிலும் படமாக்கினார். ஆண் கடற்குதிரை தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சுகளை வெளிவிடும் காட்சியை மக்கள் வியப்புடன் கண்டார்கள். அதனைப் படம் பிடிக்க அவருக்குத் தேவைப்பட்டது துணிச்சல் அன்று; காத்திருக்கும் பொறுமை. உயிரினம் என்ன செய்கிறது என்பதைப் படம் சொல்கிறதா என்னும் நான்காவது வினாவை அவரே நமக்குக் கற்பித்தார் எனலாம்.

வர்ணம் இதற்கிடையே தனியொரு பாதையில் வந்து சேர்ந்தது. 1926-இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடுத்த டிரை டார்ட்டுகாஸ் தீவுகளில், மீனியல் அறிஞர் லாங்லியும் புகைப்படக் கலைஞர் சார்லஸ் மார்ட்டினும் சேர்ந்து நீரடியில் முதல் வர்ணப் படங்களை எடுத்தார்கள். நீரின் மேல் மிதந்த தெப்பத்தில் ஒரு பவுண்டு மக்னீசியப் பொடியை ஒரே சமயத்தில் வெடிக்கச் செய்து அதன் ஒளியில் கீழுள்ள மீனைப் படமாக்கினார்கள். அவ்வேலையில் லாங்லி கடுமையான தீக்காயமும் அடைந்தார். அப்படங்கள் 1927 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரபிக் சஞ்சிகையில் வெளியாயின. மீனின் உண்மை வர்ணத்தைக் காட்டுவதற்கு இத்துணைப் பாடு பட வேண்டியிருந்தது ஏன் என்பதைச் சற்றுப் பின்னர் ஆராய்வோம்.

1943-ஆம் ஆண்டு இக்கலையின் திருப்புமுனை. ஜாக் ஈவ் கூஸ்தோ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும், எமீல் காக்னான் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து, முதுகில் சுமக்கும் காற்றுக் கலத்திலிருந்து வேண்டும்போது வேண்டிய அளவு காற்றைத் தரும் மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். மேலிருந்து குழாய் வேண்டியதில்லை. உலோக முக்காடு வேண்டியதில்லை. மனிதன் மீனைப்போல் நீந்திக்கொண்டே படம் எடுக்கலாம் என்றாயிற்று. அதே காலத்தில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் செங்கடலிலும் பிற கடல்களிலும் மூழ்கிப் படங்கள் எடுத்துப் புகழ் பெற்றார். 1956-இல் கூஸ்தோவும் லூயி மால் என்ற இளைஞரும் இணைந்து இயக்கிய "மௌன உலகம்" என்ற விவரணப் படம் கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த பரிசைப் பெற்றது. அமெரிக்க ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. நீரடிப் படம் ஒன்று உலகின் தலைசிறந்த திரைப்படங்களோடு சரியாசனம் பெற்றது அதுவே முதல் தடவை.

அப்படத்தை இன்று பார்ப்போர் இருவகை உணர்ச்சிக்கு ஆளாகிறார்கள். நீல ஆழத்தில் தீவட்டி ஏந்தி இறங்கும் மூழ்குநர்களின் காட்சி இன்றும் உள்ளத்தை ஈர்க்கிறது. அதே படத்தில், ஒரு பவளப்பாறையில் உள்ள மீன்வகைகளைக் கணக்கெடுப்பதற்காக வெடி வைக்கப்படுகிறது. செத்த மீன்கள் மிதக்கின்றன. கப்பலின் விசிறியில் அகப்பட்டுக் காயமுற்ற திமிங்கலக் கன்று ஒன்று சுட்டுக் கொல்லப்படுகிறது. அதைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் கப்பலுக்கு இழுத்து அடித்துக் கொல்கிறார்கள். ஆமைகளின் மேல் மனிதர் ஏறி அமர்கிறார்கள். இவை எவையும் மறைவில் நடந்தவை அல்ல. காமிராவுக்கு முன் நடந்தவை. பரிசு அளித்த நடுவர்களும் பார்த்தவை. அவர்கள் ஒளியைப் பார்த்தார்கள், வர்ணத்தைப் பார்த்தார்கள், புதுமையைப் பார்த்தார்கள். படத்திற்காக உயிர்கள் கொடுத்த விலையை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

இதைக் கூறுவது கூஸ்தோவைத் தூற்றுவதற்காக அன்று. அவர் பிற்காலத்தில் கடற்பாதுகாப்பின் தலையாய குரலாக விளங்கினார். 1960-இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து நின்றார். 1973-இல் கடலைக் காப்பதற்கென ஒரு சங்கமே நிறுவினார். கடலை மேன்மேலும் பார்த்ததாலேயே அவர் மாறினார் என்று கொள்வதில் தவறில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. படம் எவ்வளவு அழகியதாயினும், அது எவ்வாறு கிடைத்தது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். இது ஐந்தாவது வினா, வரிசையில் கடைசியாக வந்தது, தகுதியில் முதலாவது.

பெரியோர் கையில் இருந்த கலை ஆர்வலர் கைக்கு வந்த கதையையும் சிறிது கூற வேண்டும். ஜான் டி வூட்டர்ஸ் என்ற பெல்ஜிய நாட்டவர் வகுத்த, பெட்டி இன்றியே நீரில் இறக்கத்தக்க சிறு காமிரா கூஸ்தோவின் கப்பலின் பெயரால் "கலிப்ஸோ" என வழங்கிற்று. ஜப்பானிய நிறுவனமான நிக்கான் அதன் உரிமையைப் பெற்று 1963-இல் "நிக்கோனோஸ்" என்ற பெயரில் வெளியிட்டது. சங்கங்களும் தோன்றின. 1959-இல் மொனாக்கோவில் மூழ்குநர்களின் உலகக் கூட்டமைப்பு அமைந்தது. கூஸ்தோவே அதன் முதல் தலைவர். 1967-இல் பிரிட்டனில் நீரடிப் புகைப்படக்காரர் சங்கம் நிறுவப்பட்டது. இத்தகைய சங்கக் கூட்டங்களில் ஆர்வலர்கள் தங்கள் படங்களைத் திரையிட்டு ஒருவரை ஒருவர் விமரிசித்து முன்னேறினார்கள்.

அக்காலத்து ஆர்வலருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சிறிய வகைச் சலனப்படச் சுருள் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். நீருக்குள் சுருளை மாற்ற இயலாது. ஆகவே பொத்தானை அழுத்தும் முன் சிந்தித்தார்கள். 1980-களில் கையடக்க வீடியோ காமிராக்கள் வந்தன. சுருளின் கட்டுப்பாடு தளர்ந்தது. கோப்ரோ நிறுவனம் 2004-இல் முதலில் விற்றது பழைய பிலிம் காமிராதான். பின்னர் அதே சிறு பெட்டியில் வீடியோ வந்தபோது அலை விளையாட்டுக்காரர்களோடு மூழ்குநர்களும் அதை ஏற்றார்கள். தொடக்க காலப் பெட்டிகளின் முன்கண்ணாடி குவிந்திருந்தமையால் நீருக்குள் படம் மங்கிற்று. தட்டைக் கண்ணாடி வந்த பின்னரே குறை நீங்கிற்று. இன்று ஒரே மூழ்கலில் ஒரு மணி நேரம் படம் எடுக்கலாம். ஒரு மணி நேரம் எடுப்பது எளிது; அதைப் பார்ப்பதே அரிது.

இனி இக்காலத்து ஆர்வலர் படங்களில் காணப்படும் குறைகளையும் அவற்றின் காரணங்களையும் நோக்குவோம்.

முதற் குறை வர்ணம். படம் முழுவதும் நீலமாகவோ பச்சையாகவோ தோன்றுகிறது. காரணம் காமிரா அன்று, நீரே. சூரிய ஒளியில் உள்ள நிறங்களில் சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பின்னர் ஆரஞ்சும் மஞ்சளும் தொடர்ந்து மறைகின்றன. ஆழத்தில் விரலில் காயம் பட்டால் குருதி பச்சையாகத் தோன்றும் என்று மூழ்குநர்கள் கூறுவது இதனாலேயே. ஒளி மேலிருந்து கீழே இறங்கும் தூரம் மட்டும் அன்றி, மீனிலிருந்து காமிராவுக்கு வரும் தூரமும் இதில் சேரும். ஆகவே முதல் மருந்து அருகில் செல்வது. இரண்டாவது, ஆழத்திற்குத் தக்கபடி ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி காமிராவின் வெண்மை அளவைத் திருத்திக்கொள்வது. மூன்றாவது, கைவிளக்கு. சிவப்புக் கண்ணாடி வடிகட்டியும் குறைந்த ஆழத்தில் உதவும். மிகுந்த ஆழத்தில் அதனால் பயன் இல்லை. இல்லாத சிவப்பை எந்தக் கண்ணாடியும் வடித்துத் தர முடியாதன்றோ!

மொழிபெயர்ப்பையே அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. மூலத்தில் இருந்து இடைவழியில் மறைந்துபோன நயத்தை மீட்டுத் தருவது மொழிபெயர்ப்பாளனின் கடமை. மூலத்தில் இல்லாத நயத்தைத் தானே ஏற்றிவைப்பது அத்துமீறல். கரைக்கு வந்தபின் கணினியில் வர்ணத்தைத் திருத்துவோரும் இந்த எல்லையை உணர வேண்டும். மங்கிய சிவப்பை மீட்கலாம். வெளிறிய பவளத்தைச் செழித்த பவளமாகக் காட்டும் அளவுக்கு வர்ணத்தைக் கூட்டினால், படம் அழகாகலாம், செய்தி பொய்யாகிவிடும்.

இரண்டாவது குறை பனி பெய்தாற்போல் வெண்புள்ளிகள். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் விளக்கின் ஒளியைக் காமிராவை நோக்கித் திருப்புவதால் இது விளைகிறது. விளக்கைக் காமிராவுக்கு நேர் மேலே வைக்காமல், கைகள் போன்ற தாங்கிகளால் இருபுறமும் விலக்கி வைத்தால் புள்ளிகள் பெரிதும் குறையும். ஆனால் பல சமயங்களில் அத்துகள்களைக் கிளப்புவது படமெடுப்பவரின் துடுப்புக் கால்களே. மணலை உதைத்துக் கலக்கிவிட்டுக் கடல் கலங்கியிருந்தது என்று சொல்வதில் பொருளில்லை.

மூன்றாவது குறை ஆட்டமும் துரத்தலும். மீன் முன்னே செல்ல, காமிரா பின்னே ஓட, பார்ப்போர் காண்பது வால் மட்டுமே. இதற்கு விலையுயர்ந்த காமிரா மருந்தாகாது. நீரில் ஏறாமலும் இறங்காமலும், கையை வீசாமலும், பாறையைப் பற்றாமலும் மிதந்து நிற்கும் திறனே மருந்து. முதலில் நல்ல மூழ்குநர் ஆகவேண்டும். பின்னரே நல்ல படக்காரர் ஆகலாம். மீனை மேலிருந்து நோக்காமல் அதன் கண் மட்டத்திற்கு இறங்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, காமிராவை அசைக்காமல் பத்து வினாடியேனும் பிடித்திருந்தால், மீன் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். வரவேண்டியது தானே திரைக்குள் வரும்.

நான்காவது குறை கோவை இன்மை. எடுத்ததை எல்லாம் எடுத்த வரிசையில் ஒட்டி, மேலே ஒரு திரைப்பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். இடத்தைக் காட்டும் தொலைக்காட்சி ஒன்று, உயிரினத்தை முழுமையாகக் காட்டும் நடுக்காட்சி ஒன்று, கண்ணையோ வாயையோ காட்டும் அண்மைக்காட்சி ஒன்று என மூன்று வகையும் கலந்தால்தான் பார்ப்போர் அங்கு இருப்பதாக உணர்வர். ஒரு மணி நேரப் பதிவில் நான்கு நிமிஷத்தைத் தேர்ந்து மற்றதை விலக்கும் துணிவு வேண்டும். பழைய சுருளின் மூன்று நிமிஷக் கட்டுப்பாட்டை நாமே நம்மீது விதித்துக்கொண்டால் தீங்கொன்றும் விளையாது.

ஐந்தாவது குறை மிகக் கொடியது; ஆனால் அதுவே பலரால் நிறையெனப் பாராட்டப்படுகிறது. பேத்தை மீன் உருண்டையாக உப்பி நிற்கும் காட்சி, கணவாய் மை கக்கும் காட்சி, கடற்குதிரை காமிராவுக்கு நேரே முகம் திருப்பிய காட்சி ஆகியவற்றைக் கண்டு கைதட்டுகிறோம். பேத்தை உப்புவது அச்சத்தால். கணவாய் மை கக்குவது உயிருக்கு அஞ்சி. கடற்குதிரையின் முகத்தைச் சில சமயம் ஒரு குச்சியே திருப்பியிருக்கிறது. மூச்சுக்காக மேலே செல்லும் ஆமையை நால்வர் சூழ்ந்து மறித்துப் படம் எடுப்பதும் உண்டு. இத்தகைய படங்களை அவற்றின் தெளிவுக்காக மெச்சுவோர், 1956-இன் நடுவர்கள் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள்; அவர்களுக்காவது அறியாமை என்னும் சமாதானம் உண்டு. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் பவளங்களும் கடற்குதிரைகளும் சேர்க்கப்பட்டன. பவளத்தை ஒடித்து நினைவுப்பொருளாக எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதையும் நேயர்கள் நினைவில் கொள்வது நலம்.

அப்படியானால் ஆர்வலரின் படத்தால் ஆகும் பயன் என்ன என்று வினவலாம். ஜப்பானின் அமாமி ஓஷிமாத் தீவருகே கடலடி மணலில் சுமார் இரண்டு மீட்டர் அகலமுள்ள, நம் வாசற்கோலத்தை ஒத்த வட்டங்கள் 1990-களில் மூழ்குநர் கண்ணில் பட்டன. எவர் வரைந்தார் என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பின்னர் காமிராவுடன் காத்திருந்து பார்த்தபோது, சிறிய ஆண் பேத்தை மீன் ஒன்று ஒரு வாரத்துக்கு மேல் உழைத்துத் தன் துடுப்புகளால் அக்கோலத்தை இடுவதும், பெண்மீன் வந்து நடுவில் முட்டையிடுவதும் தெரிய வந்தன. 2014-இல் அம்மீன் விஞ்ஞானம் அறியாத புதிய இனம் என்று பெயரிடப்பட்டது. துரத்தியிருந்தால் கிடைத்திருக்காத காட்சி, காத்திருந்ததால் கிடைத்தது.

மற்றொரு பயனும் உண்டு. திமிங்கலச் சுறாவின் உடலில் உள்ள வெண்புள்ளிகளின் அமைப்பு ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு இராது. வானில் விண்மீன்களின் அமைப்பை ஒப்பிடுவதற்காக வகுக்கப்பட்ட கணித முறையைக் கொண்டே இப்புள்ளிகளையும் ஒப்பிட்டு, இது முன்பு கண்ட அதே சுறாவா என்று சொல்லலாம் என 2005-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். உல்லாசப் பயணி எடுத்த படமும் இதற்குப் போதும். செவுளுக்குப் பின்னுள்ள பக்கம் தெளிவாக விழுந்திருக்க வேண்டும், இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. அதேபோல், 2016-இல் ஆஸ்திரேலியப் பவளத்திடலில் கடல் வெம்மையால் பவளங்கள் வெளிறியபோது, மூழ்குநர் சிலர் ஒரே இடத்தை ஒரே கோணத்தில் நாள்தோறும் படம் எடுத்தனர். அப்படங்கள் 2017-இல் வெளியான விவரணப் படமொன்றில் இடம்பெற்று, ஒரு பாறை உயிரிழப்பதை உலகின் கண்முன் நிறுத்தின. தனித்தனியே நோக்கின் அவை சாதாரணப் படங்கள். வரிசையாக நோக்கின் மறுக்க முடியாத சாட்சியம்.

நம் நாட்டின் சான்று இவை அனைத்திலும் உருக்கமானது. குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் திமிங்கலச் சுறாக்கள் ஈட்டி எறிந்து பிடிக்கப்பட்டு, ஈரலின் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொல்லப்பட்டு வந்தன. மைக் பாண்டே என்ற இந்திய இயக்குநர் அதைப் படமாக்கி 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்படம் பெரும் விழிப்புணர்ச்சியை உண்டாக்கிற்று. 2001-இல் திமிங்கலச் சுறா சட்டப் பாதுகாப்புப் பெற்றது. வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் அதுவே. பின்னர் தன்னார்வ நிறுவனங்களும் வனத்துறையும் மீனவரிடையே பிரசாரம் செய்தபோது, குஜராத்தி மொழியில் "அன்புக்குரியவள்" எனப் பொருள்படும் "வாலி" என்ற பெயர் அச்சுறாவுக்கு இடப்பட்டது. பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளைக் கொல்லலாமா என்று கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு கேட்டார். வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர் தம் வலையையே அறுத்தனர். அறுந்த வலைக்கு அரசு நஷ்டஈடு அளித்தது.

நஷ்டஈட்டுக்குச் சாட்சி வேண்டும். அதிகாரி கடலுக்கு வரும் வரையில் சுறா வலையிலேயே துடிக்க நேரும். ஆகவே மீனவர் கையிலேயே நீர்புகாத காமிராக்கள் கொடுக்கப்பட்டன. அவர்கள் தாமே வலையை அறுத்து, அதைப் படம் எடுத்து, சுறாவை உடனே விடுவித்தார்கள். அப்படங்களைக் கலைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைகள் பல கூறலாம்: படகு ஆடுகிறது, நீர் பச்சையாக இருக்கிறது, கோணம் சரியில்லை. ஆனால் கேட்க வேண்டிய வினா ஒன்றே: அந்த உயிர் தப்பிற்றா? தப்பிற்று என்று படம் சொல்கிறது. தாம்சன் 1856-இல் எண்ணிப் பார்த்த சான்றுப் படம், இங்கே ஓர் உயிரின் விடுதலைப் பத்திரமாகிவிட்டது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்கள் பலர் கடற்கரை நகரங்களிலேயே குடியிருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் அடுத்த முறை நீரடிப் படம் எடுத்துக்கொண்டு வரும்போது, "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிடாமல், இந்த ஐந்து வினாக்களையும் அன்போடு கேளுங்கள். கேட்கும்போது கடைசி வினாவிலிருந்து தொடங்குங்கள்: இதை எடுத்தபோது அந்த உயிர் தன் போக்கில் இருந்ததா? ஆம் என்றால், அது என்ன செய்துகொண்டிருந்தது, எந்த இடத்தில், எந்த நாளில் என்று அடுத்துக் கேளுங்கள். தெளிவும் வர்ணமும் பழகப் பழக வந்துவிடும். மீனின் தமிழ்ப் பெயரையும் அது வாழும் மாநிலத்து மீனவர் வழங்கும் பெயரையும் படத்தின் அடியில் எழுதச் சொல்லுங்கள். இவ்வளவும் கொண்ட நான்கு நிமிஷப் படம், கூடத்தில் காட்டி மறந்துவிடும் பொழுதுபோக்காக நின்றுவிடாது. பின்வரும் தலைமுறை நம் கடல் எவ்வாறு இருந்தது என்று கேட்கும்போது எடுத்துக் காட்டத்தக்க ஆவணமாகும்.